ஏழு மாத முகம்

கோட்டைக்கரிசல் அங்கன்வாடியில் நான் ஏழு மாதப் பெண் குழந்தை. அங்கன்வாடிக்கு வெளியே எனக்கு அறுபத்திரண்டு வயது. ஒரு நாளிதழில் நிருபராகச் சேர்ந்து, மூத்த நிருபராக ஓய்வு பெற்றவன். இடையில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.

அங்கன்வாடியில் என் பெயர் தன்விகா. அம்மா பெயர் மாரீஸ்வரி. எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் குடியிருக்கிறாள். காலண்டர் கம்பெனியில், தாள்களின் மேல் விளிம்பில் தகரப் பட்டை அடிக்கிற வேலை. அப்பா லாரி ஓட்டுகிறார். பெரும்பாலும் நாக்பூர்ப் பக்கம் இருப்பார். நான் அவரை இன்னும் பார்த்ததில்லை.

இது இப்படித்தான் ஆரம்பித்தது. முன்பெல்லாம் சத்துமாவுப் பொட்டலத்தை யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மின்னட்டை வந்தது. அட்டையைக் கைப்பேசியில் காட்டினால்தான் மாவு. அதற்கும் பிறகு, அட்டை மட்டும் போதாது, அட்டை வழங்கிய அன்று எடுத்த படத்தோடு குழந்தையின் முகமும் பொருந்த வேண்டும் என்றார்கள். வேறு குழந்தை தின்றுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம். பங்குனியில் படம் எடுத்தார்கள். சித்திரையில் ஒரு குழந்தையின் முகமும் பொருந்தவில்லை. எல்லாம் வளர்ந்துவிட்டிருந்தன. குழந்தைகள் வளரும் என்பதைச் செயலியிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. புதிய முகத்தைப் பதியவும் வழி உண்டு. அதற்குப் பழைய முகத்தோடு வர வேண்டும்.

ஜெயசெல்வி டீச்சர் யாரையும் வெறுங்கையோடு அனுப்புகிறவர் அல்ல. தன்விகாவின் அட்டையை வைத்துவிட்டு, சிக்னல் தேடுகிறவர்போலக் கைப்பேசியை அறை முழுக்க மெதுவாகச் சுற்றினார். அங்கன்வாடிக்குத் தண்ணீர் எங்கள் வீட்டு ஆழ்குழாயிலிருந்து போகிறது. மோட்டார் போட்டாயிற்று, தொட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வாரம்தான் திருச்செந்தூரில் முடி இறக்கியிருந்தேன். ஈறு புண்ணாக இருந்ததால் பல் செட்டு சட்டைப் பையில் இருந்தது. பச்சைக் கட்டம் என் முகத்தில் வந்து நின்றது.

“தன்விகா. பெண். ஏழு மாதம். நன்றி” என்றது கைப்பேசி.

டீச்சர் பொட்டலத்தை எடுத்து மாரீஸ்வரியிடம் கொடுத்தார். மாரீஸ்வரி, இடுப்பில் இருந்த தன்விகாவை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, “அடுத்த மாசமும் முதல் வெள்ளிதான் சார், மறந்துராதீங்க” என்றாள். நான் தொட்டி நிறைந்துவிட்டதா என்று கேட்டேன். நிறைந்துவிட்டது என்றார் டீச்சர்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சண்முகவடிவு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“முப்பத்தெட்டு வருசம் பேப்பர்ல இருந்தீங்க. உங்க மூஞ்சியப் பாத்து ஒரு பேரைச் சொன்னது அந்தப் போன்தான்” என்றாள்.

உண்மைதான். நான் எழுதிய எல்லாவற்றுக்கும் மேலே ‘நமது நிருபர்’ என்றுதான் போட்டார்கள். ஒரே ஒரு முறை பெயர் வந்தது. மாட்டுச் சந்தை பற்றிய கட்டுரை. அதிலும் இன்னொருவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். ஆகவே, இன்னொருவர் பெயரில் நான் அடையாளம் காணப்படுவது எனக்குப் புதிது அல்ல.

அடுத்தடுத்த வாரங்களில் மற்ற குழந்தைகளுக்கும் முகங்கள் கிடைத்தன. கூட்டுறவு வங்கி மேலாளர் நான்கு மாத ஆண் குழந்தை ஆனார். டீக்கடை மாஸ்டர் இரட்டைக் குழந்தைகளாக இருந்தார். அவர் மட்டும் இரண்டு முறை வரிசையில் நிற்பார். ஒரு குழந்தைக்கு ஊரில் யாருமே பொருந்தவில்லை. கடைசியில் ஜவுளிக்கடை வாசலில் பாவாடை சட்டை போட்டு நிற்கும் பொம்மை பொருந்தியது. கடைக்காரர் மாதம்தோறும் அதை ஸ்கூட்டரில் வைத்துக் கூட்டிவந்து, கூட்டிப்போவார். முதல் வெள்ளிகளில் நாங்கள் எல்லோரும் அங்கன்வாடிப் பாயில் உட்கார்ந்து, அரசியல் பேசுவோம். அம்மாக்கள் வந்ததும் நிறுத்திக்கொள்வோம்.

எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை மொட்டை போட்டுக்கொண்டேன். காலையிலேயே பல்லைக் கழற்றிவிடுவேன். பணியில் இருந்தபோது ஆட்சியர் கூட்டங்களுக்குக்கூட நான் இவ்வளவு நேரத்தோடு போனதில்லை.

தன்விகாவுக்கு அந்த மாவு தேவையாக இருந்தது. அவள் எடை, சுவரில் ஒட்டியிருந்த வளர்ச்சி அட்டையில் மஞ்சள் பட்டையின் அடியில், சிவப்புக்குச் சற்று மேலே கிடந்தது. மாரீஸ்வரி எட்டு மணிக்குக் கம்பெனி வண்டி ஏறிவிடுவாள். அதற்கு முன் ஊட்டுகிற கஞ்சிதான் குழந்தையின் வயிற்றில் நிற்கும் சாப்பாடு. பகலில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண் ஊட்டினால் துப்பிவிடும். என்ன கொடுத்தாலும் தின்று உடம்பு ஏற்றிக்கொள்ளும் குழந்தையாக நான் இருந்ததில் மாரீஸ்வரிக்கு உள்ளூர வருத்தம் இருந்திருக்கலாம். வெளிக்காட்டியதில்லை.

கார்த்திகை வாக்கில் உணவுத் தொகுப்பு மாற்றப்பட்டது. அதுவரை எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாவு. இனிமேல் ஒரு வயது வரை நைசான மாவு, அதற்கு மேல் வேர்க்கடலை போட்டுத் திரித்த கொரகொரப்பான மாவு, கூடவே முட்டை, கடலை மிட்டாய். குழந்தைக்குப் பல் முளைத்த பிறகு கடிக்கக் கொடுக்க வேண்டும் என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். எந்தத் தொகுப்பு என்பதை அட்டையே, முகத்தைப் பார்த்து, வயதைக் கணித்து முடிவு செய்யும்.

தன்விகா அதற்குள் ஒரு வயதைத் தாண்டியிருந்தாள். நான்கு பற்கள் இருந்தன. நைஸ் மாவுக் கஞ்சியை நாக்கால் வெளியே தள்ளினாள். பக்கத்து வீட்டு முறுக்கைப் பிடுங்கித் தின்றாள். அவள் பெரிய தொகுப்புக்கு வந்துவிட்டிருந்தாள். ஆனால், அவள் முகம் என்னிடம் இருந்தது. என் முகம் பங்குனியில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. என்னால் ஒரு மாதம்கூட முன்னேற முடியவில்லை.

புதிய தொகுப்பு பற்றிச் செய்தி எடுக்க என் பழைய நாளிதழிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். என்னை அவருக்குத் தெரியும். நான்தான் அவருக்குச் செய்தி எழுதச் சொல்லிக்கொடுத்தேன். பயனாளி என்ற முறையில் கருத்துக் கேட்டார். தேவைக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளி பற்றி நீளமாகச் சொன்னேன். குறித்துக்கொண்டார். மறுநாள் ஆறாம் பக்கத்தில் நான்கு வரி வந்தது. ‘குழந்தைகள் புன்னகையுடன் வரவேற்றனர்’ என்று முடிந்திருந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் முடித்திருப்பேன்.

மேற்பார்வையாளர் அருள்மேரி வந்தார். தொகுப்பு மாறுவதால் எல்லாக் குழந்தைகளையும் மறுபடி எடை போட வேண்டும், எடையும் முகமும் ஒரே படத்தில் இருக்க வேண்டும் என்றார். என் முறை வந்தது. தொட்டில் தராசைக் கொண்டுவந்தார்கள். அதன் கொக்கி வளைந்துவிட்டது. பெரியவர்கள் நிற்கும் எந்திரத்தில் ஏறச் சொன்னார்கள். எழுபத்து நான்கு கிலோ.

கைப்பேசி சற்று நேரம் யோசித்தது. “கடும் உடல் பருமன். துணை உணவு நிறுத்தப்படுகிறது. தாய்க்கு ஆலோசனை வழங்கவும்” என்றது.

டீச்சர் மாரீஸ்வரியை உட்காரவைத்து ஆலோசனை வழங்கினார். கடை பிஸ்கெட் வாங்கிக் கொடுக்காதே என்றார். அழுதால் பசி என்று நினைத்துவிடாதே என்றார். மாரீஸ்வரி தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அவள் மடியில் தன்விகா கைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். அந்த விரல் தீப்பெட்டிக் குச்சிக்கு அக்கா மாதிரி இருந்தது. நான் எந்திரத்திலிருந்து இறங்கி ஓரமாக நின்றேன்.

அந்த மாதம் பொட்டலம் வரவில்லை. வளர்ச்சி அட்டையில் புள்ளி சிவப்புக்குள் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். காப்பி வேண்டாம் என்றாள். சண்முகவடிவிடம்தான் பேசினாள், என் பக்கம் திரும்பாமலே என்னைப் பற்றிப் பேசினாள். ஒரு குழந்தையின் சாப்பாட்டைப் பற்றி வீட்டுப் பெண்களிடம் பேசுவதுதான் முறை.

“அக்கா, சார் கொஞ்சம் எளைச்சா நல்லாருக்கும்.”

“எவ்வளவு?”

“எட்டு கிலோவுக்கு வரணும்னு டீச்சர் சொல்லுது.”

“எட்டு கிலோ கொறையணுமா?”

“இல்லக்கா. எட்டு கிலோ ஆகணும்.”

சண்முகவடிவு என்னை மேலும் கீழும் பார்த்தாள். துணிக்கடையில் சாயம் போகுமா என்று பார்ப்பதுபோல. பிறகு, ராத்திரிச் சோற்றை நிறுத்திப் பார்க்கலாம் என்றாள்.

நிறுத்தினோம். அரிசி நின்றது. வடை நின்றது. காலையில் கேழ்வரகுக் கூழ், மாலையில் வெள்ளரிக்காய். கண்மாய்க் கரையில் நடந்தேன். வழியில் பார்த்தவர்கள் சர்க்கரையா என்று கேட்டார்கள். இல்லை, வயதுக்கேற்ற எடை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். வங்கி மேலாளரும் என்னோடு நடக்க ஆரம்பித்தார். அவர் நான்கு மாதத்திலேயே நின்றதால் அவருடைய இலக்கு இன்னும் கடினம். மாத முடிவில் எழுபத்து இரண்டுக்கு வந்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த முயற்சிகளில் பலனளித்தது இது ஒன்றுதான். எட்டுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

அருள்மேரி மறுபடி வந்தபோது என்னைப் பார்த்து, “நல்ல முன்னேற்றம்” என்றார். பிறகு கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது முகத்தை மட்டும்தான் பாக்கும். உடம்பு யாருதுன்னு கேக்காது” என்றார்.

தன்விகாவை எந்திரத்தில் உட்காரவைத்தார்கள். நான் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்து, முகத்தை மட்டும் எந்திரத்தின் விளிம்புக்கு மேல் நீட்டிக்கொண்டேன். முகவாயின் கனம் சேர்ந்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்து, நூல் இடைவெளியில் நிறுத்தியிருந்தேன். தன்விகா என் மொட்டைத் தலையைத் தட்டினாள். ஏழு கிலோ சில்லறை காட்டியது.

“எடை மிகக் குறைவு. தீவிரக் கவனம் தேவை” என்றது கைப்பேசி. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. மாவு திரும்ப வந்தது. ஆனால், நைஸ் மாவுதான் வந்தது. ஒரு மாதத்தில் எழுபத்து நான்கு கிலோவிலிருந்து ஏழுக்கு வந்த குழந்தையை அவசரப்பட்டு மேல் தொகுப்புக்கு மாற்ற அது தயாராக இல்லை. முகத்திலும் வளர்ச்சியைக் காணோம். வளர்ச்சிப் படிகளைச் சோதித்துப் பதிந்தால் பரிசீலிக்கலாம் என்று எழுத்தில் காட்டியது.

சோதனை வெள்ளிக்கிழமை நடந்தது. அருள்மேரி கைப்பேசியை ஜன்னல் விளிம்பில், அறை முழுக்கத் தெரியும்படி சாய்த்து வைத்தார். முதலில், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றேன். வெள்ளரிக்காயில் ஓடிய உடம்பு ஆதலால் சுவர் உண்மையிலேயே தேவைப்பட்டது. அடுத்து, சிறு பொருளை இரண்டு விரலால் எடுக்க வேண்டும். பட்டாணி ஒன்றைத் தரையில் போட்டார்கள். கண்ணாடி இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க நேரம் ஆயிற்று. வயதுக்கு ஏற்றதுதான் என்று பதிவானது. பெயர் சொன்னால் திரும்ப வேண்டும். டீச்சர் “தன்விகா” என்றார். நான் திரும்பினேன். தன்விகாவும் திரும்பினாள். இதில் சிக்கல் எழவில்லை.

கடைசிப் படி, பொருளுள்ள ஒரு சொல் சொல்ல வேண்டும். இதை வைத்துத்தான் நான் நம்பிக்கையோடு போயிருந்தேன். நிற்பது, பொறுக்குவது எல்லாம் போகட்டும். சொல் என் தொழில். அருள்மேரி விதியைப் படித்தார். சொல்லுக்குப் பொருள் இருக்கிறதா என்பதைச் செயலி அகராதியில் தேடாது. சொன்னதும் யாராவது ஒருவர் சொன்னவரைத் திரும்பிப் பார்க்கிறாரா என்று பார்க்கும். பார்த்தால் பொருள் உண்டு. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் அடுத்த சோதனை ஆடியில். அதுவரை நைஸ் மாவு.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“கோட்டைக்கரிசல் பேரூராட்சியில் குடிநீர் விநியோகம் சீராக நடைபெற்று வருவதாக அதிகாரிகள் தெரிவித்தனர்” என்றேன்.

பற்கள் இல்லாவிட்டாலும் தெளிவாகவே சொன்னேன். அருள்மேரி தன் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஆயா முட்டை உரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஒரு பொம்மையின் கையை மாட்டிக்கொண்டிருந்தார். பாயில் இருந்த வங்கி மேலாளர் கொட்டாவி விட்டார்.

“மழலை” என்றது கைப்பேசி.

வாக்கியம் நீளம் என்று பட்டது. இந்தக் குறையை உதவி ஆசிரியர் ஒருவரும் சொல்லியிருக்கிறார். சுருக்கி, தலைப்பாகச் சொன்னேன்: “பொதுமக்கள் அவதி.”

யாரும் திரும்பவில்லை. இந்தத் தலைப்பை நான் வாரம் ஒரு முறையாவது கொடுத்திருப்பேன். அப்போதெல்லாம் என்ன நடந்திருக்கும் என்பதை இப்போது நேரில் பார்த்தேன்.

“மழலை. ஒரு வாய்ப்பு மீதம்.”

மாரீஸ்வரி கம்பெனிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். என் அருகில் வந்து குனிந்தாள். அவள் விரல் நுனிகளில் தகரம் கீறிய கோடுகள் இருந்தன.

“சார், பாத்து ஒண்ணு சொல்லுங்க. அவ அந்த மாவைத் தொடவே மாட்டேங்கா” என்றாள்.

யோசித்தேன். யோசித்துச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டிய தொழில் அது. ‘அம்மா’ என்று சொல்லலாமா என்று நினைத்தேன். என் அம்மா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. மாரீஸ்வரி எனக்கு அட்டைப்படி அம்மா. ஆனாலும், அந்தச் சொல்லுக்கு அவள் தன் மகளைத்தான் பார்ப்பாள். அது சரியும்கூட. என் பெயரைச் சொல்லலாமா? அதற்கு யாரும் திரும்பியதாக நினைவில்லை.

அப்போதுதான் தன்விகா கண்ணில் பட்டாள். ஆணியில் நான் மாட்டியிருந்த சட்டை கீழே விழுந்து கிடந்தது. அவள் மேசைக்கு அடியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதையோ கடித்துக்கொண்டிருந்தாள். என் மேல் வரிசைப் பல் செட்டு. தன் நான்கு பற்களால் என் பதினான்கு பற்களை மென்றுகொண்டிருந்தாள். அறையில் வேறு சத்தம் இல்லை. நறநறவென்று கேட்டது. கடிக்க ஏதாவது கிடைத்துவிட்ட மகிழ்ச்சி அந்தச் சத்தத்தில் இருந்தது.

நான் சோதனையை மறந்துவிட்டேன். கையை நீட்டினேன்.

“தா” என்றேன்.

தன்விகா திரும்பினாள். என் வாயைப் பார்த்தாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். இன்னொரு முறை என் வாயைப் பார்த்தாள். பிறகு எழுந்து, மேசைக் காலைப் பிடித்து, விட்டு, நடந்துவந்து, எச்சில் வழியும் பல் செட்டை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“பொருளுள்ள சொல்” என்றது கைப்பேசி. “தன்விகா. ஒரு வயது நிறைவு. புதிய தொகுப்புக்கு மாற்றப்படுகிறது. நன்றி.”

அருள்மேரி பையின் ஜிப்பை மூடினார். டீச்சர் உள்ளே போய் ஒரு பச்சைப் பொட்டலத்தோடும் இரண்டு முட்டைகளோடும் வந்தார். மாரீஸ்வரி அங்கேயே பிரித்து, டம்ளரில் வெந்நீர் வாங்கி, கெட்டியாக உருண்டை பிடித்தாள். தன்விகா ஓர் உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றாள். வேர்க்கடலை பல்லில் உடைவது எனக்குக் கேட்டது. இரண்டாவது உருண்டைக்கு அவளே கையை நீட்டினாள். மாரீஸ்வரி முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் குழாயடிக்குப் போய்ப் பல் செட்டைக் கழுவினேன். அதில் நான்கு சின்னப் பள்ளங்கள் விழுந்திருந்தன.

மூன்று மாதத்தில் புள்ளி சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்து, இப்போது பச்சையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வங்கி மேலாளர் இன்னும் குப்புற விழப் பழகிக்கொண்டிருக்கிறார். கழுத்து நிற்கிறது என்றார்கள்.

எனக்குத்தான் சில நாட்களாக ஈறு ஊறியது. எதையாவது கடிக்க வேண்டும்போல இருந்தது. கூடவே லேசாகக் காய்ச்சல். பல் செட்டுப் பொருந்தவில்லை. சண்முகவடிவு டார்ச் அடித்துப் பார்த்தாள். கீழ் ஈறில், நடுவில், அரிசி முனை மாதிரி ஒன்று வந்திருக்கிறது என்றாள். பக்கத்திலும் ஒன்று தள்ளுகிறதாம். மாரீஸ்வரிக்குச் சொல்லி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை பல் கொழுக்கட்டை செய்தார்கள். கூடத்தில் பாய் விரித்து என்னை உட்காரவைத்தார்கள். அம்மா என்ற முறையில் மாரீஸ்வரிதான் கொழுக்கட்டைகளைப் படியில் அள்ளி என் தலையில் கொட்டினாள். மொட்டைத் தலை ஆதலால் ஒன்றும் தங்கவில்லை. எல்லாம் உருண்டு மடியில் விழுந்தன. தன்விகா என் முழங்காலைப் பிடித்து நின்றுகொண்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள். எனக்கும் ஒன்று தந்தாள்.

அடுத்து பள்ளிக்கூடப் பேச்சு வந்தது. மூன்று வயது ஆனதும் எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட வேண்டும், மெட்ரிக் பள்ளியில் இப்போதே சொல்லிவைத்தால்தான் இடம் கிடைக்கும் என்கிறாள் மாரீஸ்வரி. இவருக்கு அவ்வளவு படிப்பு ஏறாது, தெருக்கோடி அரசுப் பள்ளி போதும், நடந்தே போய்விடலாம் என்கிறாள் சண்முகவடிவு. நான் பாயில் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்டுக்கொண்டேன். சீருடைக்கு அளவு எடுக்க வேண்டும் என்றார்கள். எழுந்து நின்று கையைத் தூக்கினேன்.